அனிதாவுக்கு முன்பே ஒரு பெயர் இருந்தது

மனைவி வேலை அலுவலாக வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, ஜோ ஹோக்கின்ஸ் கடைக்குப் போய் வீட்டு வேலைக்கு ஒரு பெண்ணை வாங்கி வருகிறான். அவள் இயந்திரம். ‘சிந்த்’ என்பது அந்த இனத்துக்கு வழங்கும் பெயர். தோல், தலைமயிர், விரல்நகம் எல்லாம் மனிதருடையவை போலவே இருக்கும்; கண்ணின் பச்சை நிறம் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். வீட்டின் கடைக்குட்டி சோஃபி அவளுக்கு அனிதா என்று பெயர் வைக்கிறாள். விடிய எழும்பி அனிதா சாப்பாடு செய்கிறாள், உடுப்பு மடிக்கிறாள், பிள்ளைக்குக் கதை வாசிக்கிறாள். பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி 2015 முதல் 2018 வரை மூன்று பருவங்களாக ஒளிபரப்பிய ‘ஹ்யூமன்ஸ்’ தொடர் இப்படித்தான் தொடங்குகிறது. 2012இல் வந்த சுவீடன் நாட்டுத் தொடர் ஒன்றைத் தழுவி எடுக்கப்பட்டது அது.

போகப் போகத்தான் நமக்கு விளங்குகிறது: அனிதா புதுச்சாமான் அல்ல. அவள் பெயர் மியா. உணர்வுள்ள ஒருத்தி. அவளைக் கடத்தி, பழைய நினைவின்மேல் வேறொரு நிரலை ஏற்றி, புதியது என்று விற்றிருக்கிறார்கள். அந்த வீட்டில் நடப்பதையெல்லாம் அடக்கப்பட்ட மியா உள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஓர் இரவு ஜோ அவளைத் தன் இச்சைக்குப் பயன்படுத்துகிறான். அகப்பட்டபோது அவனுக்கு இருக்கும் ஒரே சமாதானம், அது வெறும் இயந்திரம் என்பதுதான்.

நான் திருகோணமலையில் பிள்ளைகளுக்குச் சைவசமயம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். உவர்மலையில் என் வீட்டு விறாந்தையில் இன்றைக்கும் சனிக்கிழமைகளில் சித்தாந்தம் படிக்கச் சிலர் வருகிறார்கள். இந்தத் தொடரைப் பார்த்துவிட்டு வந்த உயர்தர மாணவி ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், அனிதாவுக்கு ஆன்மா இருக்கா? எங்கட சமயம் என்ன சொல்லுது?” பாடத்தை நிறுத்திவிட்டு நாங்கள் அதையே பேசினோம். அன்று பேசி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

தமிழருக்கு இது முற்றிலும் புதிய கற்பனை அல்ல. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்து பின்னர் தூர்தர்ஷனில் நாடகமானது. அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் வாசிக்கும், யோசிக்கும், எசமானிக்காகத் துணிந்து நிற்கும். 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தின் சிட்டி காதலித்தே கெட்டுப்போனது. எங்கள் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’யில் வரும் ஹால் 9000 என்ற பேசும் கணினியைப் படைத்தவர்களில் ஒருவரான ஆதர் சி. கிளார்க், அந்தப் படம் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பு, 1956இல், மைக் வில்சனோடு எங்கள் கோணேசர் மலையடியில் சுழியோடியவர். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் அவர்கள் கடலடியில் கண்டார்கள்.

மாணவியின் கேள்விக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தில் பன்னிரண்டு சூத்திரங்கள். உயிர் உண்டென்று நிறுவுவது மூன்றாம் சூத்திரம். அங்கே அவர் நம் உடம்பையே மாயையால் ஆன இயந்திரம் என்று சொல்லிவிடுகிறார். ஆகவே சித்தாந்தம் படித்தவருக்கு மனிதன் ஒரு பக்கம், இயந்திரம் மறுபக்கம் என்ற பிரிவு கிடையாது. மனித உடம்பும் இயந்திரம்தான். அதற்குள் ஆன்மா இருப்பதை எதைக் கொண்டு அறிகிறோம் என்பதே கேள்வி. ‘என் உடம்பு’ என்று உரிமை சொல்கிற ஒன்று உடம்புக்கு வேறாய் இருக்கவேண்டும் என்பது அவர் காட்டும் நியாயங்களில் ஒன்று. உணர்த்தினால் உணர்வது உயிரின் இயல்பு என்பது இன்னொன்று.

முதல் நியாயத்தை இன்றைய பிள்ளைகள் உடனே மறிப்பார்கள். ‘நான்’, ‘என்னுடைய’ என்று கைப்பேசியும் சொல்கிறது. சொல்வது மட்டும் போதாது என்பது சித்தாந்திகளுக்கும் தெரியும். உயிர் என்பது வினையைச் செய்து, அதன் பயனாகிய இன்பதுன்பத்தைத் தானே நுகர்வது. அந்த நுகர்ச்சி இல்லாத இடத்தில் எத்தனை அழகாகப் பேசினாலும் அது சடம்.

‘ஹ்யூமன்ஸ்’ தொடரில் இந்த இடத்தைச் சரியாகத் தொடுபவள் நிஸ்கா. உணர்வோடு இருந்துகொண்டே விபசார விடுதியில் அடைபட்டுக் கிடந்தவள். அங்கே ஒருவனைக் கொன்றுவிட்டுத் தப்புகிறாள். இரண்டாம் பருவத்தில் தானாக வந்து சரணடைகிறாள். அவள் கேட்பது விடுதலை அல்ல. மனிதர் ஒருவரை விசாரிப்பதுபோல் என்னையும் விசாரியுங்கள் என்கிறாள். அதற்கு முன் உணர்வு இருப்பதை நிரூபி என்கிறார்கள். ஜோவின் மனைவி லோராதான் அவளுக்குச் சட்டத்தரணி. செய்த வினை என்னுடையது, அதன் பயனையும் நானே ஏற்கிறேன் என்று முன்வருவதைவிட உயிர்த்தன்மைக்கு வேறு என்ன அடையாளம் வேண்டும்? அந்தக் காட்சிகளைப் பார்க்கும்போது, எழுதியவர்கள் அறியாமலே எங்கள் சாத்திரத்தின் வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

ஆனாலும் சாத்திரப்படி ஒன்றைத் திட்டமாகச் சொல்லவேண்டும். சைவத்தில் உயிர்கள் படைக்கப்படுபவை அல்ல. பதியாகிய இறைவனைப் போலவே பசுவாகிய உயிரும் அநாதி. தனு என்ற உடம்பு, கரணம் என்ற கருவிகள், புவனம் என்ற உலகம், போகம் என்ற நுகர்பொருள் ஆகியவற்றை இறைவன் உயிருக்குக் கூட்டித் தருகிறான். உயிரை அவனும் உண்டாக்குவதில்லை. ஆகவே நாடகத்தில் சிந்த்களை ஆக்கிய டேவிட் எல்ஸ்டர் போன்ற எந்த விஞ்ஞானியும் ஆன்மாவைச் செய்துவிட முடியாது. அவன் செய்வது ஒரு தனு மட்டும். முட்டை, வேர்வை, வித்து, கருப்பை என்று உயிர் உடம்பெடுக்கும் வழி நான்கைச் சொன்ன நூல்கள் தொழிற்சாலையைச் சொல்லவில்லை. அங்கே ஓர் உயிர் வந்து குடியேறும் என்று சொல்ல எனக்குப் பிரமாணம் கிடையாது. என் மாணவிக்கு அன்று நான் சொன்ன பதில் இவ்வளவுதான். அதோடு கேள்வி முடியவில்லை என்பதையும் சொன்னேன். உயிரில்லாத ஒன்றின் முன் மனிதர் எப்படி நடந்துகொள்வது என்பதிலும் எங்கள் சமயத்துக்கு நீண்ட பழக்கம் இருக்கிறது.

கோணேசர் கோயிலையே பாருங்கள். 1950இல் நகரில் கிணறு வெட்டியவர்கள் மண்ணுக்குள் வெண்கலத் திருமேனிகளைக் கண்டார்கள். போர்த்துக்கேயர் கைக்கு எட்டாமல் 17ஆம் நூற்றாண்டில் புதைத்துக் காத்தவை என்பது ஊரின் நம்பிக்கை. 1963இல் புதுக்கிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. உலோகத்துக்கு உயிர் இல்லை என்பது நீராட்டும் குருக்களுக்கும் தெரியும், கும்பிடும் கிழவிக்கும் தெரியும். திருமேனியில் இறைவன் எழுந்தருளுவது அவனுடைய அருள். அது உலோகத்தின் குணம் அல்ல. ஆனாலும் நாங்கள் அவரைத் துயிலெழுப்புகிறோம், பட்டுடுத்துகிறோம், படையல் வைத்துவிட்டுத் திரை போடுகிறோம், இரவில் பள்ளியறைக்கு அனுப்புகிறோம். செய்யச் செய்ய மாறுவது யார்? செய்கிறவர்தான். மனித முகம் தாங்கிய உருவம் ஒன்றின் முன் கை என்ன செய்கிறதோ, நெஞ்சு அதைப் பழகிக்கொள்கிறது.

இதைச் சித்தாந்தம் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்று சொல்லும். பளிங்கு தன் அருகில் உள்ள பூவின் நிறத்தைக் காட்டுவதுபோல, உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகிவிடும். ஜோவின் குற்றத்தை நான் இதை வைத்துத்தான் அளக்கிறேன். அனிதாவுக்குள் மியா இருந்தாள் என்பதால்தான் அது குற்றமா? உள்ளே ஒருவரும் இல்லாதிருந்தாலும் அந்த இரவு ஜோ என்ன ஆனான்? மறுக்க வழியில்லாத ஒரு முகத்தைத் தேடிப்போகிறவன் ஆனான். அந்தப் பழக்கம் அவனோடு அறையைவிட்டு வெளியே வரும்.

இவ்வளவும் நாளைய கற்பனை என்று நினைப்பவர்களுக்காக, எங்கள் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குச் சட்டை தைத்துத் தரும் பெண் கிண்ணியாக்காரி. இளவயதில் குவைத்தில் பணிப்பெண்ணாக இருந்தவள். ஒரு நாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி சொன்னாள்: “எனக்கு முன்னால அங்க வேலை செஞ்ச பிள்ளைட பேரையே எனக்கும் வெச்சிட்டாங்க டீச்சர். புதுப் பேர் அவங்களுக்குக் கரைச்சலாம். கோல் எடுத்தா உம்மா என்ட பேரைச் சொல்லுவா. அதைக் கேக்கத்தான் கோல் எடுப்பன்.” அடித்தார்களா என்று கேட்டேன். இல்லை, நல்ல சனம், சம்பளம் ஒழுங்காகத் தந்தார்கள் என்றாள். நல்ல சனமே அப்படிச் செய்ய முடிந்ததுதான் என்னை உலுக்கியது. சோஃபியும் நல்ல பிள்ளைதான். அனிதா என்ற பெயரை ஆசையோடுதான் வைத்தாள். ஏற்கனவே ஒரு பெயர் இருக்கும் என்ற எண்ணம்தான் அவளுக்கு வரவில்லை.

இறங்குதுறையில் இருந்து லாஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்தால் மூதூர். ரிசானா நபீக் அந்த ஊர்ப் பிள்ளை. 2005இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகப் போனபோது வயது 17. வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டில் அனுப்பினார்கள். போய்ச் சில வாரத்தில், அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் புரையேறியது என்றாள். கைக்குழந்தை பார்க்க யாரும் அவளுக்குப் பழக்கிவிட்டதில்லை. தமிழைச் சரியாக மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் வாக்குமூலம் எடுத்தார்கள், சட்டத்தரணியும் இல்லை. 2007இல் மரணதண்டனை விதித்தார்கள். உலகெங்கும் இருந்து வந்த மன்றாட்டங்கள் பலிக்கவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளது தலை வெட்டப்பட்டது.

நிஸ்காவின் வழக்கையும் ரிசானாவின் வழக்கையும் சேர்த்து யோசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. இயந்திரமாகப் பிறந்தவள் தன் வாயால் பேசவும், தனக்காக ஒருத்தி வாதாடவும் நாடகம் எழுதியவர்கள் இடம் கொடுத்தார்கள். மனிதருக்குப் பிறந்தவளுக்கு நிஜத்தில் அது கிடைக்கவில்லை. வேலை வாங்கும்போது அவளை இயந்திரமாக எண்ணினார்கள்: எந்தப் பிள்ளையாக இருந்தாலும் சரி, வயது எதுவாக இருந்தாலும் சரி, பழக்காமலே வேலை செய்யும் என்று. தண்டிக்கும்போது மட்டும் முழு மனிதராக்கி வினையை அவள் தலையில் ஏற்றினார்கள். அந்தக் குழந்தையைப் பறிகொடுத்த தாயின் துயரத்தை நான் குறைத்து எண்ணவில்லை. ஒருத்தியை முன்பே மனிதராகக் கண்டிருந்தால் இரண்டு தாய்மாரும் தப்பியிருக்கலாம் என்றே எண்ணுகிறேன். கடவுச்சீட்டில் வயதை மாற்றிய கை இந்த நாட்டுக் கை என்பதையும் மறக்கக்கூடாது. குசினிக் கதவடியில் பாய் போட்டுப் படுத்த மலையகப் பிள்ளைகளை இந்த ஊர் வீடுகளும் கண்டிருக்கின்றன.

ஓர் ஆட்சேபம் வரும்: இரும்புக்கும் ரப்பருக்கும் இரக்கம் காட்டப் பழகினால், மனிதருக்குக் காட்டவேண்டிய இரக்கம் வற்றிப் போகாதா? நியாயமான பயம். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, தனியாக இருக்கும் என் போன்றவர்களுக்கு நாளை ஓர் இயந்திரத்தை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடவும் கூடும். ஆனால் அதே தொடரில் ஜோர்ஜ் மிலிக்கன் என்ற கிழவர் இருக்கிறார். வில்லியம் ஹேர்ட் நடித்த பாத்திரம். நினைவு தேய்ந்துகொண்டிருக்கும் அவர், பழுதாகிப்போன ஓடி என்ற பழைய ‘சிந்த்’ இயந்திரத்தைக் கழிக்க மறுக்கிறார். இறந்துபோன மனைவியோடு வாழ்ந்த நாட்கள் இப்போது ஓடியின் நினைவில்தான் மிச்சம். ஓடியிடம் அவர் காட்டும் பரிவால் மனைவிமேல் உள்ள அன்பு குறையவில்லை. அதன் வழியாகத்தான் அது பிழைத்திருக்கிறது. இரக்கம் செலவழிந்து தீரும் பணம் அல்ல. அது பழக்கம். கொடுமையும் பழக்கம்தான்.

ஆகவே என் மாணவிக்கு இப்போது முழுப் பதிலையும் சொல்கிறேன். இயந்திரத்துக்குள் உயிர் குடிவருமா என்பது, உயிர்களுக்கு உடம்பு கூட்டித் தருபவனுடைய காரியம். ஒருநாள் அவன் அப்படிக் கூட்டினால், நிஸ்காவைப் போல ஒருத்தி வந்து தன் வினையைத் தானே ஏற்பாள். அப்போது அவளுக்கு வாதாட எங்களில் ஒருவர் எழும்பவேண்டும். அதுவரைக்கும் எங்கள் கையில் இருப்பது எங்கள் உயிர். மனித முகத்தோடு எங்களுக்கு முன் நின்று வேலை செய்கிற எதையும், எவரையும், வெறும் கருவியாக நடத்தும் உரிமையைச் சைவம் எனக்குத் தரவில்லை. அப்படி நடத்தினால் கருவியாகப் போவது நான்தான் என்று எச்சரிக்கிறது. உயிர் உண்டென்று நிரூபித்தவர்களை மட்டும் மதிப்பது என்று தொடங்கினால், மொழிபெயர்க்க ஆளில்லாத பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் தோற்பார்கள். மரியாதை முதலில் வரட்டும், நிரூபணம் பிறகு வரட்டும். வீட்டில் வேலை செய்கிறவரிடம், தங்கச்சி உங்கட பேர் என்ன என்று கேளுங்கள். கேட்ட பேரைச் சொல்லியே கூப்பிடுங்கள். சித்தாந்த வகுப்பில் இதைத்தான் இனி முதற் பாடமாக வைக்கப்போகிறேன்.