கண்ணாடி தேய்த்த கைகள்

1986 ஜனவரி 6 அன்று ஜவ்வாது மலையின் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தார். அதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்ட வானியலாளர் வைணு பாப்பு அன்று இல்லை. 1982-லேயே காலமாகிவிட்டார்.

விலைக்கு வாங்கும் வழியைப் பாப்பு அறியாதவர் அல்லர். 1972-இல் காவலூரில் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி ஜெர்மனியின் கார்ல் ஜைஸ் நிறுவனம் செய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பதை 1977 மார்ச் 10 அன்று உலகுக்குக் காட்டிய கருவிகளில் அதுவும் ஒன்று. ஆனாலும் பெரிய தொலைநோக்கியை இங்கேயே செய்ய வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதன் ஆடியைப் பெங்களூருவில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பட்டறையில், ஏ. பி. ஜெயராஜன் குழு தேய்த்து மெருகேற்றியது.

தேய்ப்பது என்றால் எளிதில்லை. தலைமுடியின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு மேடு இருந்தாலும் விண்மீனின் பிம்பம் கெடும். தேய்த்த சூட்டில் கண்ணாடி விரிந்திருக்கும். ஆறும்வரை காத்திருந்துதான் அளக்க வேண்டும். எங்கே இன்னும் கொஞ்சம் தேய்க்கலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதை எந்தக் கையேடும் முழுதாகச் சொல்லாது.

அப்படியானால் அறிவு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போது, உண்மையில் எது போகிறது?

சைவ சித்தாந்தம் இதை வெகுகாலம் முன்பே எடுத்துக்கொண்டது. உயிருக்கு அறியும் தன்மை உண்டு, ஆனால் இறைவன் அறிவித்தால்தான் அது அறியும் என்பது 13-ஆம் நூற்றாண்டு மெய்கண்டாரின் வழிவந்த கொள்கை. கண்ணுக்குக் காணும் ஆற்றல் இருந்தாலும் ஒளியில்லாமல் அது காணாது என்பது அவர்கள் காட்டும் உவமை. குரு எதையும் சீடனுக்குள் ஊற்றுவதில்லை. மறைப்பு விலகத் துணைநிற்கிறார். இறைவனைப் பற்றிச் சொன்னதைப் பட்டறைக்குக் கொண்டுவருவது பொருந்துமா என்று சித்தாந்திகள் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனாலும் தத்துவ அறிஞர் மைக்கேல் பொலானி 1966-இல் எழுதிய நூல் இதே வாசலுக்குத்தான் வந்து நிற்கிறது: நாம் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறோம் என்பது அவர் வாதம்.

இதற்கு எதிரான சாட்சியும் தமிழ் மண்ணிலேயே உண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், 1825-இல் வெளியான தம் ‘கால சங்கலித’த்தில், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதினார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டு அவர் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் பிழை சில நிமிடங்களே. முடிவு நேரத்தில்தான் ஒரு மணிக்குச் சற்றுக் குறைய விலகியது. அந்தக் கணக்கு ஏன் பலிக்கிறது என்பது அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். காரணம் உதிர்ந்துபோன பிறகும் முறை மட்டும் தலைமுறை தாண்டி வந்திருக்கிறது! அதை அறிவென்று சொல்லாமலும் இருக்க முடியாது. ஆனால் கணக்கு பிசகினால் அதைத் திருத்தும் வழி அதற்குள் இல்லை. காவலூர் ஆடியைத் தேய்த்தவர்களிடம் இருந்தது அந்தத் திருத்தும் திறன்தான்.

பல்கலைக்கழகங்கள் இன்று ‘தொழில்நுட்பப் பரிமாற்றம்’ என்று பேசும்போது காப்புரிமையையும் ஒப்பந்தத்தையும்தான் நினைக்கின்றன. அமெரிக்காவின் 1980-ஆம் ஆண்டு பை–டோல் சட்டத்தைப் பின்பற்றி, பொதுப் பணத்தில் பிறக்கும் கண்டுபிடிப்புகளின் உரிமை குறித்த ஒரு மசோதா 2008-இல் மாநிலங்களவைக்கு வந்தது. பிறகு திரும்பப் பெறப்பட்டது. உரிமை யாருக்கு என்பது நியாயமான கேள்வி. ஆனால் காகிதத்தில் கைமாறுவது, சொல்லிவிடக்கூடிய பகுதி மட்டுமே. ஆய்வகத்தின் மூத்த கைவினைஞர் ஓய்வு பெறும்முன் அவரருகே இரண்டு ஆண்டுகளாவது ஓர் இளைஞரை அமர்த்துவதற்கு எந்த மசோதாவும் தேவையில்லை. அதற்கு ஒரு பணியிடமும் சம்பளமும் வேண்டும். அதை ஒவ்வொரு துறையும் தன் நிதிநிலையிலேயே கேட்டுப் பெற வேண்டும்.