உயிர் காப்பதும் திருப்பணியே

கிடைத்தற்கரிய மானிடப் பிறவியைத் தானே முடித்துக்கொள்வது பாவம் என்று கூறிவிட்டு ஒதுங்கிக்கொள்வது அறமாகுமா?

1995இல் உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்றாயிருந்தது. அரசு கொடிய நச்சுப் பூச்சிநாசினிகளைப் படிப்படியாகத் தடைசெய்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. பின்னர் அவ்விறப்புகள் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. விதியென்று எண்ணியதை மனித முயற்சி மாற்றியது.

எஞ்சிய கடமை ஊருடையது. பதுளைத் தோட்டத்து லயங்களில் ஒரு சுவருக்கப்பால் அழுகை கேட்கும். கேட்டும் கேளாதிருப்பதே பெரும்பாவம். கடனாலும் மதுவாலும் குடும்பப் பிணக்காலும் துவண்டவரருகே அயலவர் அமர்ந்து செவிமடுக்கவேண்டும், வைத்தியசாலைக்குத் துணைபோகவேண்டும். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926 ஆலய வாசலில் எழுதப்படவேண்டும்.

பலர் கூடி வடம்பிடித்தாலன்றித் தேர் நகராது. துயருற்றவரைத் தாங்குவதும் அவ்வாறே.