புதைத்த தாலந்தா?

திருவழிபாட்டு ஆண்டின் முதல் சுழற்சியில், பொதுக்காலத்தின் இறுதிப் பகுதியில், இரண்டு உவமைகள் சில வார இடைவெளியில் நம் செவிகளில் விழுகின்றன. ஒன்று, காலையில் வந்தவருக்கும் மாலையில் வந்தவருக்கும் ஒரே தெனாரியம் கொடுத்த திராட்சைத் தோட்ட உரிமையாளரைப் பற்றியது. மற்றொன்று, தலைவர் தந்த தாலந்தை நிலத்தில் புதைத்து வைத்த பணியாளரைப் பற்றியது. இரண்டையும் தனித்தனியே விளக்குவதில் நமக்குத் தொல்லை இருந்ததில்லை. இரண்டும் ஒருவருடைய வாழ்வில் எதிரெதிரே வந்து நின்றால் என்ன செய்வது என்னும் வினா, ஒரு விளையாட்டு வீராங்கனையின் வரலாற்றைப் படித்தபோதுதான் நம்முள் எழுந்தது.

ஸ்குவாஷ் என்னும் ஆட்டம் சாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கபடியைப் போலப் பழக்கமானதன்று. நான்கு சுவர்களுக்குள் இருவர் ஆடுவது. லண்டன் மாநகரின் கடனாளிச் சிறைகளில் கைதிகள் சுவரில் பந்தடித்துப் பொழுது போக்கிய ஓர் ஆட்டத்தின் வழியில், 19-ஆம் நூற்றாண்டில் ஹாரோ பள்ளி மாணவர்களிடையே உருவானது. டென்னிஸில் போல எதிராளிகள் வலைக்கு இருபுறமும் நிற்பதில்லை. இருவரும் ஒரே தரையில், தோளோடு தோள் உரச, ஒரே சுவரை நோக்கி நிற்கிறார்கள். பந்தை அடித்தவர் விலகி, மற்றவருக்கு வழிவிட வேண்டும். வழி மறித்தால் நடுவர் தலையிடுவார். போட்டியாளருக்கு இடம் கொடுப்பதையே விதியாகக் கொண்ட ஆட்டம் என்பதால் நமக்கு இதன்மேல் ஒரு தனி மதிப்பு உண்டு.

இந்த ஆட்டத்தின் தலைநகராக நம் நாட்டில் விளங்குவது சென்னை. அங்கே 1991-இல் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் தீபிகா பள்ளிக்கல். அவருடைய தாயார் சூசன் இந்திய மகளிர் கிரிக்கெட் அணியில் ஆடியவர். தீபிகா 2012-ஆம் ஆண்டின் இறுதியில் உலகத் தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தார். இந்தியப் பெண் ஒருவர் அந்த நிலையை எட்டியது அதுவே முதன்முறை. அதே ஆண்டில் அர்ஜுனா விருதும், 2014-இல் பத்மஸ்ரீ விருதும் அவரை அடைந்தன.

நம் சிந்தையைத் தடுத்து நிறுத்தியது இந்த வெற்றிகள் அல்ல. 2012 முதல் 2015 வரை நான்கு ஆண்டுகள் அவர் தேசிய வாகையர் போட்டியில் ஆட மறுத்துவிட்டார். காரணம், பரிசுத் தொகை. 2015-இல் கேரளத்தில் நடந்த போட்டியில் ஆண் வாகையருக்கு 1,20,000 ரூபாய். பெண் வாகையருக்கு 50,000 ரூபாய். ஒரே போட்டி, ஒரே பட்டம், இரண்டு விலை. தொகை சமமாகும்வரை ஆடுவதில்லை என்று அவர் விலகி நின்றார். 2016-இல் இருபாலருக்கும் சமப் பரிசு அறிவிக்கப்பட்டது. அவர் திரும்பி வந்தார். அவ்வாண்டின் பட்டத்தையும் வென்றார்.

இறைவன் அளித்த திறமையைப் பயன்படுத்த மறுப்பது தாலந்தைப் புதைப்பது ஆகாதா? குருமடத்தில் பயின்ற காலத்தில் இவ்வினாவுக்கு ஆகும் என்றே நாம் விடை எழுதியிருப்போம். ஆனால் உவமையைச் சற்று ஊன்றிப் படித்தால், அப்பணியாளர் ஏன் புதைத்தார் என்பது அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. தலைவருக்கு அஞ்சினார், அச்சத்தினால் தம்மைக் காத்துக் கொண்டார். தீபிகாவின் செயலில் தம்மைக் காத்துக் கொள்ளும் நோக்கம் எங்கே இருக்கிறது? எட்டிப் பிடிக்கக் கூடிய நான்கு பட்டங்களை அல்லவா அவர் விட்டுக் கொடுத்தார்! மேலும், அவர் மட்டையைக் கீழே வைத்துவிடவில்லை. அந்த ஆண்டுகளில்தான், 2014-இல், கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் ஜோஷ்னா சின்னப்பாவுடன் இணைந்து, ஸ்குவாஷில் இந்தியாவின் முதல் காமன்வெல்த் பதக்கத்தைத் தங்கமாகவே வென்றார். திறமையை அவர் புதைக்கவில்லை. ஒரு சந்தையில் மட்டும் அதைக் குறைந்த விலைக்கு விற்க மறுத்தார்.

ஜோஷ்னாவைக் குறிப்பிட்டது நன்று. அவரும் சென்னைக்காரர். தீபிகா விலகி நின்ற காலத்திலும் அவர் தேசியப் போட்டியில் ஆடினார். 2019-இல் பதினேழாவது பட்டம் வென்று, 1977 முதல் 1992 வரை தொடர்ந்து பதினாறு முறை வென்றிருந்த புவனேஸ்வரி குமாரியின் சாதனையைக் கடந்தார். ஒருவர் மறுத்தார், மற்றவர் ஆடினார் என்பதற்காக முன்னவரை நீதிமானாகவும் பின்னவரைக் கோழையாகவும் தீர்ப்பிடுவது நம்மால் இயலாது. மறுப்பு ஓர் அழைத்தல். எல்லாருக்கும் ஒரே அழைத்தல் வருவதில்லை. கிளாஸ்கோவில் இவ்விருவரும் ஒரே பக்கத்தில் நின்று ஆடியதே இதற்குப் போதிய சான்று.

பரிசு என்பது கூலி அன்று, அதில் நீதி பேசலாமா என்று கேட்பாரும் உண்டு. பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் குறைவு என்பாரும் உண்டு. பரிமாற்ற நீதி, பகிர்வு நீதி என்று புனித தோமா அக்குவினாரின் வழியில் நாம் படித்த பாகுபாடு இங்கே உதவுகிறது. பரிசு கொடுப்பவர் சரக்குக்கு விலை கொடுக்கவில்லை. பொது மதிப்பைப் பகிர்ந்தளிக்கிறார். பகிர்கிறவர் ஆளைப் பார்த்து அளக்கும்போது, குறைத்து அளக்கப்பட்டவர் இழப்பது பணத்தை மட்டுமன்று. திராட்சைத் தோட்ட உரிமையாளரை நோக்கி முணுமுணுத்தவர்களின் குறையும் அதுதான்: மற்றவர்களை எங்களுக்கு இணையாக்கிவிட்டீரே என்பது. இணையாக்கப்படுவதைத்தான் மனித மனம் பொறுப்பதில்லை.

இவற்றையெல்லாம் சாத்தூர் வட்டாரத்துப் பங்கு ஒன்றில் மறையுரையாக ஆற்றினோம். நன்றாக இருந்தது என்று பலர் சொன்னார்கள். ஒரு தாய் மட்டும், இருபது ஆண்டுகளுக்கு மேல் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர், பூசை முடிந்ததும் சக்கிறீஸ்து வாசலில் நின்றார்.

“சாமி, அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்னு சொல்ல முடிஞ்சுது. நாங்க ஒரு நாள் வேண்டாம்னா, மறுநாள் எங்க இடத்துல வேற ஒருத்தி உக்காந்திருப்பா.”

நமக்கு மறுமொழி இல்லை. குச்சி அடுக்கியும் பெட்டி அடைத்தும் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கியவர்கள் இவ்வூர்ப் பெண்கள். அவ்வேலையில் பெரும்பகுதியை இன்று எந்திரங்கள் எடுத்துக் கொண்டுவிட்டன. மிஞ்சியவர்கள் பலர் பட்டாசுக்குப் போய்விட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று 1976-இலேயே நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் ஆணுக்கு ஒரு வேலை, பெண்ணுக்கு வேறு வேலை என்று பிரித்துவிட்டால் சட்டம் எதை எதோடு ஒப்பிடும்?

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் எழுதிய சுற்றுமடலில் இத்தாயின் சொல்லுக்கு நெருங்கிய கருத்து ஒன்று உண்டு. வேறு வழியில்லாமையால் ஒரு தொழிலாளர் குறைந்த கூலிக்கு இசைந்தால், அந்த இசைவு இசைவே அன்று. அவர் வன்முறைக்கு ஆளாகிறார் என்று அவர் கற்பித்தார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை, உரிய எல்லைக்குள், கடைசிக் கருவியாக ஏற்றுக் கொண்டார். எனினும் மறுக்கும் உரிமை ஏட்டில் இருப்பது வேறு, அடுத்த வேளை உலை கொதிக்கும் என்னும் உறுதியோடு மறுப்பது வேறு. மறுக்க முடிந்தவருக்கு அதனால் கூடுதல் கடமை ஒன்று வந்து சேர்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. தீபிகா மறுத்ததன் பயன் அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. இரண்டாம் சுற்றிலேயே தோற்றுப் போகும், பெயர் தெரியாத பெண்ணுக்கும் அந்தப் போட்டி மதிப்புக் கூடியதாயிற்று.

இவ்வாறு ஒருவாறு விளக்கம் சொல்லி முடித்தோம். அத்தாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கோயில் கூட்டுறவளுக்கு எவ்வளவு குடுக்கிறீங்க, சாமி?” என்றார். குத்திக் காட்டும் குரல் இல்லை. தெரிந்து கொள்ளும் ஆவல்தான்.

அன்று பிற்பகல் பங்குக் கணக்கேட்டைப் புரட்டினோம். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டு மணியடிக்கும் ஆடவரின் பெயருக்கு எதிரே ‘சம்பளம்’ என்று எழுதியிருந்தது. அதே நேரத்துக்கு வந்து, கோவிலையும் வளாகத்தையும் கூட்டிப் பீடத் துணிகளையும் துவைக்கும் பெண்ணின் பெயருக்கு எதிரே ‘அன்பளிப்பு’ என்று இருந்தது. தொகை அதில் பாதிக்குச் சற்று மேல். இரண்டும் நம் கையெழுத்து.

அடுத்த நிதிக்குழுக் கூட்டத்தில் இதை முன்வைத்தோம். பணத்துக்கு எங்கே போவது என்று ஒரு பெரியவர் கேட்டார். முறையான கேள்விதான். திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவைப் பற்றி இன்னொருவர் மெல்லத் தொடங்கினார். பட்டாசு ஊரில் அதைத் தொடுவது எளிதன்று. பேச்சு அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது.