யாருடைய கணக்கில் செலவு?

2022 மார்ச் 25 அன்று துபாய் உலகக் கண்காட்சியில், இந்திய அரங்குக்குள் தமிழ்நாட்டு அரங்கை முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்தார். மார்ச் 31-இல் கண்காட்சியே முடிந்தது. ஒரு வாரத்துக்கா இத்தனை செலவு என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். தனி விமானச் செலவைக் கட்சி ஏற்றதாக அரசுத் தரப்பு விளக்கியது. அந்தச் சண்டைக்கு நடுவே பெரிய கேள்வி ஒன்று கேட்பாரற்றுப் போயிற்று. ஊரார் பணத்தை, வருமா வராதா என்று தெரியாத பலனுக்காகச் செலவழிப்பது எப்போது தர்மமாகும்?

ஒரகடத்தில் சிறிய டர்னிங் ஷாப் வைத்திருக்கிறேன். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நானும் ஸ்டால் போட்டதுண்டு. வாடகை, பேனர், சாம்பிள் பீஸ், பையன்களுக்குப் பேட்டா என்று பணம் கரைந்தது. அந்த நாட்களில் ஒரு ஆர்டரும் வரவில்லை. வெகுகாலம் கழித்து, அங்கே என் கார்டை வாங்கிப்போன ஒருவர் போன் செய்து, இயந்திரத்துக்கான புஷ் (bush) செய்து தருவீர்களா என்று கேட்டார். ஆகவே ஒரு வாரத்தில் என்ன கிடைத்தது என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் அது என் பணம். போயிருந்தால் என் வீட்டு நகைதான் அடகுக்குப் போயிருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உடையவர் ராமானுஜர் சந்நிதியில் நிற்கும்போதெல்லாம் எனக்குத் திருக்கோஷ்டியூர்தான் நினைவுக்கு வரும். குருவுக்குக் கொடுத்த வாக்கை மீறி, அவர் அங்கே கோயில் மேலேறி மந்திரப் பொருளை எல்லாருக்கும் சொன்னார். நரகம் கிடைக்கும் என்று தெரிந்தே சொன்னார். தான் ஒருவன் நரகம் போனாலும் இத்தனை பேர் கரையேறட்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் இழப்பு முழுவதும் அவருடையது, லாபம் முழுவதும் பிறருடையது. அரசு அந்த இடத்தில் நிற்க முடியாது. அது பணயம் வைப்பது நம்முடைய பணத்தை.

பலனில் பற்று வைக்காதே என்று கீதை சொல்வது என் உழைப்புக்குப் பொருந்தும். உண்டியல் பணத்தைக் கையில் வைத்திருக்கும் தர்மகர்த்தா, பலனைப் பற்றிக் கவலையில்லை என்று சொன்னால் ஊர் ஏற்குமா? வள்ளுவர் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தை இதிலிருந்துதான் தொடங்குகிறார். அழிவது எது, ஆவது எது, பின்னால் வரும் ஊதியம் எது என்ற மூன்றையும் எண்ணிப் பார்த்துச் செய் என்கிறார்.

அழிவது என்ற பக்கத்தில் அரங்கு வாடகையை மட்டும் எழுதினால் போதாது. துபாய்க்கு மூன்று மாதம் முன்பு, 2021 டிசம்பரில், எங்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றார்கள். சக தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். அதற்கும் முன்பு நோக்கியா. 2006-இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கிய ஆலை 2014 நவம்பரில் நின்றது. எங்கள் சாலையில் எத்தனை வீடுகளின் தவணை அன்று நின்றுபோனது! முதலீட்டை அழைத்து வருபவர், வந்தபின் நடப்பதற்கும் பொறுப்பு. ஆவது என்ற பக்கத்தில் எழுத ஒன்று உண்டு. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு 706.50 கோடி ரூபாயில் கட்டப்பட்டு, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. என்னைக் கேட்டால் அதுவே நம்முடைய சிறந்த கண்காட்சி அரங்கு.

வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போவதே வீண் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடை விரிக்காமல் கொள்வார் வரமாட்டார். ஆனால் அந்த துபாய்ப் பயணத்தில் 6 ஒப்பந்தங்கள், 6,100 கோடி ரூபாய் என்று அறிவித்தார்களே, அதில் எத்தனை கோடி சுவரும் கூரையுமாக எழுந்தது என்ற கணக்கை, வரி கட்டியவர் முன்னால் வாசிக்கவேண்டும். அடுத்த பெரிய உலகக் கண்காட்சி 2030-இல் ரியாத்தில். அதற்குப் பணம் ஒதுக்கும் முன், துபாய்க் கணக்கை ஒரகடத்திலும் வல்லத்திலும் கிராம சபையில் வையுங்கள்.