ஆய்வுச் சுருக்கமும் அறமும்: அறிவியல் மாநாடுகளை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

அறிவியல் மாநாட்டில் ஆய்வாளர் தம் ஆய்வை முன்வைக்கும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. அவையில் நின்று உரையாற்றுவது ஒன்று. ஆய்வைச் சுவரொட்டியாக அமைத்து, அதனருகே நின்று வருவோர்க்கு விளக்குவது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் வாயிலாக அமைவது ஆய்வுச் சுருக்கம். சில நூறு சொற்களுக்குள் அடங்கும் இதனை எழுதும் முறை குறித்துக் கையேடுகள் பல உள்ளன. எனினும் சுருக்குதல் என்னும் செயலின் அறம் குறித்த வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. சுருக்கும்போது எதை விடலாம், இன்னும் கிடைக்காத முடிவை எவ்வாறு கூறலாம், தன் ஆய்வைத் தானே எவ்வளவு உயர்த்திச் சொல்லலாம் என்னும் மூன்று வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடுதலும் மறைத்தலும்

சுருக்கம் என்றாலே சில செய்திகள் விடுபடும். ஆதலின் விடுபடுதல் என்பது தன்னளவில் குற்றமன்று. விடுபட்டது எது என்பதே வினா. ஆறு மருத்துவ இதழ்களின் கட்டுரைகளை ஆராய்ந்து 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கட்டுரையின் உட்பகுதியோடு முரண்படும் அல்லது அங்கு இடம்பெறாத தரவுகள் சுருக்கங்களில் இருத்தலைக் காட்டியது. இதழுக்கு இதழ் இவ்வளவு 18 முதல் 68 விழுக்காடு வரை வேறுபட்டது. 2010-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, முதன்மை விளைவில் புள்ளியியல் அடிப்படையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படாத 72 மருத்துவச் சோதனைகளை எடுத்துக்கொண்டது. அவற்றுள் 58 விழுக்காட்டின் சுருக்க முடிவுரைகள், சிகிச்சை பயனளிப்பதாகத் தோன்றும் வகையில் திரித்து எழுதப்பட்டிருந்தன. இங்குப் பொய்யான எண் ஒன்றும் கூறப்பட வேண்டியதில்லை. எதை முன்னிறுத்துவது, எதைப் பின்தள்ளுவது என்னும் தேர்வே பொய்யின் வேலையைச் செய்துவிடுகிறது.

நேரமின்மையால் சுருக்கத்தை மட்டுமே படித்து மருந்தைத் தேரும் மருத்துவரை எண்ணிப் பார்த்தால் இதன் விளைவு புலப்படும். மாநாட்டுச் சுருக்கங்களுக்கும் சேர்த்து 2008-இல் மருத்துவ ஆய்வுலகம் நெறிமுறை வகுத்தது இக்காரணம் பற்றியே. விடுதலையும் மறைத்தலையும் வேறுபடுத்த ஓர் அளவுகோலை இங்கு முன்வைக்கலாம். சுருக்கத்தைப் படித்தவர் பின்னர் முழு ஆய்வையும் படிக்கும்போது, ‘இன்னும் பல அறிந்தேன்’ என எண்ணினால் அது விடுதல். ‘முன்பு அறிந்தது தவறு’ என எண்ணினால் அது மறைத்தல்.

முடியாத ஆய்வும் வினைமுற்றின் காலமும்

சுருக்கம் மாநாட்டிற்குப் பல திங்கள் முன்னரே அனுப்பப்பட வேண்டியது. அப்போது சோதனை முடியாதிருக்கலாம். இந்நிலையில் ஆய்வாளர் எதிர்பார்க்கும் முடிவைக் கண்ட முடிவாக எழுதும் வழக்கமும் உண்டு. ‘கண்டறியப்பட்டது’ என்பதற்கும் ‘ஆராயப்படுகிறது’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இலக்கண வேறுபாடு மட்டுமன்று. வினைமுற்றில் காலத்தை மாற்றுவதே இங்குப் பொய்ச்சான்று ஆகிவிடுகிறது.

மாநாடுகளில் முன்வைக்கப்பட்ட மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட சுருக்கங்களைத் தொகுத்து நோக்கிய 2018-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, அவற்றுள் ஏறத்தாழ 37 விழுக்காடே முழுக் கட்டுரையாக வெளிவந்ததாகக் கூறுகிறது. சாதகமான முடிவுடையவை வெளிவரும் வாய்ப்பு மிகுதி என்பதும் அதன் கண்டுபிடிப்பு. எஞ்சியவை அனைத்தும் நேர்மையற்றவை என்பது இதன் பொருளன்று. நேரமும் பொருளும் வாய்க்காமையும் காரணமாகலாம். ஆயினும் பெரும்பாலான சுருக்கங்களைச் சரிபார்க்க முழுக் கட்டுரை இல்லை என்பது தெளிவு. எனவே அச்சொற்களுக்கு அவற்றை எழுதியவரின் நேர்மை ஒன்றே பிணை.

முடிவு கூறாத சுருக்கத்தைத் தேர்வுக்குழு ஏற்பதில்லை. இளம் ஆய்வாளர் என் செய்வார் என ஒரு தடை எழுப்பப்படலாம். இது புறந்தள்ளத்தக்க தடையன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் வகுத்த விதிமுறை கருத்தரங்கக் கட்டுரைகளுக்கும் புள்ளி வழங்கியபின், ஒரு சுருக்கம் ஏற்கப்படுதல் பணி உயர்வோடு தொடர்புடையதாயிற்று. ஆதலின் எழுதுவோர்க்கு மட்டும் அறம் உரைத்தல் போதாது. ‘பணி இதுவரை இவ்வளவே முடிந்தது’ எனக் கூறும் சுருக்கத்திற்கு இடமளிக்காத குழுவும் அப்பொய்யில் பங்குகொள்கிறது.

பாயிர மரபும் தற்புகழ்ச்சியும்

நூலை அறிமுகம் செய்யும் நெறி குறித்துத் தமிழிலக்கணம் விரிவாகச் சிந்தித்துள்ளது. நன்னூல் சிறப்புப்பாயிரத்திற்கு ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினை வகுக்கிறது. அங்கு எல்லை என்பது நூல் வழங்கும் நிலப்பரப்பு. இன்றைய ஆய்வில் அதனை முடிவு செல்லுபடியாகும் வரம்பு எனக் கொண்டால், பல சுருக்கங்களில் விடுபடும் உறுப்பு அதுவே எனலாம்.

இதனினும் கருதத்தக்கது, சிறப்புப்பாயிரம் உரைத்தற்கு உரியார் யார் என்னும் வரையறை. நூலாசிரியரின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர் ஆகியோரே அதற்கு உரியவர். எத்துணைப் புலமை உடையவரேனும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்பது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. அதேவேளை அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வெல்லவேண்டிய பொழுதும், எதிரி பழித்தபோதும் தற்புகழ்ச்சி குற்றமாகாது எனப் பவணந்தியார் விலக்களிக்கிறார்.

இன்றைய ஆய்வுச் சுருக்கம் நூலாசிரியர் தாமே எழுதும் பாயிரம். தம்மை அறியாத தேர்வுக்குழுவிற்கு விடுக்கும் ஓலையும் அதுவே. ஆகவே அது விலக்கினுள் அடங்கும் என வாதிடலாம். ஆயின் அவ்விலக்கு, உள்ள ஆற்றலை எடுத்துரைக்க அளித்த இசைவு. இல்லாததை உண்டெனக் கூறுதற்கு அன்று. தன் உழைப்பின் அளவைத் தயங்காது கூறுவது தற்புகழ்ச்சியாயினும் ஏற்கத்தக்கது. தன் முடிவின் உறுதியை மிகுத்துக் கூறுவது ஏற்கத்தக்கதன்று.

சுவரொட்டியின் பெரிய எழுத்து

சுவரொட்டியில் இச்சிக்கல் கண்ணுக்கே புலனாகிறது. சிறிய எழுத்தில் முழுக் கட்டுரையையும் நிரப்பும் பழைய முறைக்கு மாற்றாக, முதன்மை முடிவை மட்டும் நடுவில் பெரிய எழுத்தில் எளிய நடையில் அமைக்கும் வடிவத்தை 2019-இல் மைக் மாரிசன் என்னும் அமெரிக்க உளவியல் ஆய்வு மாணவர் முன்மொழிந்தார். நடந்து செல்பவரும் ஒரு செய்தியைப் பெற்றுச் செல்வர் என்பது இதன் நன்மை. ஆயின் பெரிய எழுத்து ஐயத்தைத் தாங்குவதில்லை. ‘இத்தனை பேரிடம் மட்டும் சோதித்தோம்’ என்னும் வரம்பு ஓரத்திற்குச் சென்றுவிட்டால், நடந்து செல்பவர் முடிவை மட்டும் கொண்டு செல்வார். அவ்வரம்பையும் நடுவிலுள்ள தொடரிலேயே அமைத்தல் இயலாததன்று. சுவரொட்டிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. எழுதியவர் அருகிலேயே நிற்கிறார். கேட்பவர் முகம்நோக்கி வினவலாம். அச்சிட்ட சுருக்கத்திற்கு இவ்வாய்ப்பு இல்லை.

நிறைவுரை

இச்சிந்தனை அறிவியலாரோடு நிற்பதன்று. தமிழகத்திற்கு வெளியே பல்துறைப் பல்கலைக்கழகங்களில் இயங்கும் தமிழ்த்துறைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். தமிழ் அறியாத மதிப்பீட்டாளர் தமிழ் ஆய்வேட்டைப் படிக்க இயலாது. அதன் ஆங்கிலச் சுருக்கத்தையே படிப்பார். அவர்க்கு அச்சுருக்கமே ஆய்வு. சரிபார்க்க இயலாதாரிடம் பேசும்போது சொல்லின் பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது. விட்டது படிப்பவரைத் தவறான முடிவிற்குக் கொண்டு செல்லாதிருத்தல், முடியாததை முடிந்ததாகக் கூறாதிருத்தல், முடிவோடு அதன் வரம்பையும் சேர்த்துக் கூறல் ஆகிய மூன்றும் ஆய்வுச் சுருக்கத்தின் அறமாகக் கொள்ளத்தக்கன. இவற்றைக் கடைப்பிடிக்கக் கூடுதலாகத் தேவைப்படுபவை சில சொற்களே. சொல்லெல்லை வகுப்போர் அச்சொற்களுக்கு இடமளிப்பதும் அவ்வறத்தின் பகுதியாகும்.