கரையில் நிற்பவரின் தகுதி

கனடாவின் விட்பி நகரில் இரோகுவோய் பூங்கா விளையாட்டு மையத்திலுள்ள நீச்சல் குளம், 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் போட்டியில் வென்று, நீச்சலில் தங்கம் பெற்ற முதல் கனடியப் பெண் எனப் புகழ்பெற்ற ஆன் ஆட்டன்பிரைட்டின் பெயரால் அழைக்கப்படுகிறது. இத்தகைய ஊரில் பிள்ளையை நீச்சல் அணியில் சேர்க்கும் பெற்றோர், ஸ்காபரோவிலிருந்து குடிபெயர்ந்த தமிழர் உட்பட, பயிற்றுநர் எங்கே நீந்தியவர், என்ன பதக்கம் பெற்றவர் என்று விசாரிப்பது இயல்பே. அந்த விசாரணைக்கு அடியில் பழைய மெய்யியல் வினா ஒன்று இருக்கிறது: தான் அடையாத ஒன்றைப் பிறர் அடையும்படி செய்ய ஒருவரால் இயலுமா?

முண்டக உபநிடதம் குருவுக்கு இரு தகுதிகளை விதிக்கிறது: ஒன்று மறைநூல்களைக் கற்றிருத்தல், மற்றது பரம்பொருளில் நிலைபெற்றிருத்தல், அதாவது கற்றதை வாழ்ந்து அறிந்திருத்தல். பவணந்தி முனிவரின் நன்னூலோ நல்லாசிரியரின் இயல்புகளை எண்ணும்போது குலத்தை முதலில் வைக்கிறது. ஆயினும் உபநிடதம் கோரும் அந்த அனுபவத்தைப் பதக்கத்தால் அளக்கலாம் என்று கொள்வது பிழை. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியில் பள்ளி ஆசிரியராக இருந்த சோய்ச்சி சகமோட்டோ, தாம் நன்றாக நீந்தத் தெரியாதவராக இருந்தும், கரும்புத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளைப் பாசன வாய்க்கால்களில் இறக்கிப் பழக்கி, 1937இல் அவர்களுக்கென ஒரு நீச்சல் அணியை அமைத்தார். அவரிடம் பயின்ற பில் ஸ்மித் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இரு தங்கங்களை வென்றார்.

இது எவ்வாறு இயன்றது என்பதற்கு மெய்யியலாளர் மைக்கேல் பொலானி 1958இல் வெளியிட்ட நூலில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. நீந்துபவர் மூச்சை விடும்போது நுரையீரலை முற்றிலும் காலி செய்யாமலும், இழுக்கும்போது வழக்கத்தைவிட மிகுதியாக நிரப்பியும் மிதக்கிறார். ஆனால் தாம் அவ்வாறு செய்வதைப் பெரும்பாலான நீச்சல்காரர்கள் அறிவதில்லை. செய்ய முடிந்தும் சொல்ல முடியாத இவ்வகை அறிவையே பொலானி உள்ளுறை அறிவு என்ற கருத்தாக வளர்த்தார். எனவே வென்றவரின் உடல் அறிந்ததை அவர் வாய் அறியாமல் போகலாம். குளத்தின் விளிம்பை விரல் வெளுக்கப் பற்றிக்கொண்டு, தோள்கள் காதுவரை உயர, மூச்சை அடக்கி நிற்கும் பிள்ளையிடம் எதைத் தளர்த்தச் சொல்ல வேண்டும் என்பது, தண்ணீர் அச்சத்தை எப்போதோ மறந்துவிட்டவரைவிட அதை இன்னும் நினைவில் வைத்திருப்பவருக்கே எளிதில் புலப்படும்.

சைவ சித்தாந்தம் இதை ஆழமாகச் சிந்தித்திருக்கிறது. விலங்கைப் பிடிக்க அதே இனத்து விலங்கைப் பார்வை மிருகமாக நிறுத்துவதுபோல, மனிதரை ஆட்கொள்ள இறைவன் மனித வடிவில் குருவாக வருகிறான் என்கிறார் திருவருட்பயன் இயற்றிய உமாபதி சிவம். குரு மாணவனின் இனமாக இருக்க வேண்டும் என்னும் இக்கருத்தைப் பயிற்றுநர் தமிழராக இருக்க வேண்டும் என்று சுருக்குவது அதன் பொருளைக் கெடுப்பதாகும். இங்கே இனம் என்பது, மாணவன் நிற்கும் இடத்தை உள்ளிருந்து அறிந்திருக்கும் உறவே.

அவ்வாறாயின் பின்னணியை ஆராயவே வேண்டாமா? ஆகமங்கள் அனைத்தையும் கற்றவர் என்ற பொருளில் சகலாகம பண்டிதர் எனப்பட்ட அருணந்தி சிவாசாரியார், தம்மைவிட மிக இளைய சைவ சித்தாந்த ஆசிரியரான மெய்கண்டாரிடம் சென்று, உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தின் வடிவம் யாது என்று நின்றபடியே கேட்டார் என்றும், மெய்கண்டார் மறுமொழி கூறாமல், அங்ஙனம் நிற்கும் அவரே அதன் வடிவம் என உணர்த்துமாறு அவரையே ஏறிட்டு நோக்கினார் என்றும் மரபு கூறுகிறது. குலமும் வயதும் அங்கே பொருளற்றுப் போயின. ஆயினும் வினவிச் சோதித்த பிறகே அருணந்தியார் பணிந்தார். முதிர்ந்த அறிஞருக்கு இருந்த அந்தச் சோதிக்கும் ஆற்றல், தன் உடலையும் உயிரையும் பயிற்றுநரின் கையில் ஒப்படைத்துத் தண்ணீரில் இறங்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இல்லை. சிறுவர் பொறுப்பை ஏற்பவரிடம் கோரப்படும் காவல்துறைச் சரிபார்ப்பும், கனடாவின் தேசியப் பயிற்றுநர் சான்றளிப்புத் திட்டத்தில் அறநெறிப்படி முடிவெடுத்தல் குறித்து அமைந்துள்ள பாடப்பகுதியும், பிள்ளை கேட்க இயலாத அந்த வினாவை அதன் சார்பில் பெரியோர் கேட்கும் வழிகளாகும்.