தினம் ஓர் இழை

அய்யா துணை



காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் விடியற்காலையில் நடந்து போகிறவர்கள் ஒரு காட்சியைக் காண்பார்கள். தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவு நீட்டிக் கட்டியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் அதற்குக் கஞ்சி போட வேண்டும். ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரித்துவிட வேண்டும். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். இழைகளோ ஆயிரக்கணக்கில். ஒரு வீட்டு ஆட்களால் மட்டும் முடிகிற வேலை இல்லை என்பதால் அக்கம்பக்கத்தாரும் வந்து கைகொடுப்பார்கள். பிறகு பாவைச் சுருட்டிக் கொண்டுபோய்த் தறியில் ஏற்றுவார்கள்.

அதற்குப் பின் நெசவாளி குழித்தறியில் கால்விட்டு உட்கார்கிறார். மிதியை அழுத்துகிறார், நாடா ஓடுகிறது, ஓர் ஊடை இழை விழுகிறது, இழுத்து அடிக்கிறார். மறுபடி மிதி, மறுபடி நாடா, மறுபடி அடி. கோர்வைச் சேலை என்றால் கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா. துணைக்கு இன்னொருவரும் உட்கார வேண்டும். காலையிலிருந்து மாலைவரை நெய்தாலும் அன்றைக்குச் சேர்வது கொஞ்ச நீளம்தான். ஒரு சேலை முடிய இரண்டு வாரமும் ஆகும். வேலைப்பாடு கூடினால் மாதமும் ஆகும்.

முழுச் சேலையையும் நினைத்து மலைத்துக்கொண்டிருந்தால் யாராலும் ஒரு முழம்கூட நெய்ய முடியாது. அடுத்த இழையைப் போடுகிறவர்தான் சேலையை முடிக்கிறார். கலங்கிய மனத்தைத் தேற்றும் வழியும் இந்தத் தறிக்குள்ளேயே இருக்கிறது.

தறி நின்ற நாள்கள்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பட்டுக்கடைகள் மூடின. சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் தள்ளிப்போயின. கல்யாணம் இல்லையென்றால் கூறைப்புடவை ஏது? சரிகை சூரத்திலிருந்து வரவேண்டும்; பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வரவேண்டும்; வண்டிகள் ஓடவில்லை. நெய்து கொடுத்தால்தான் கூலி என்று வாழ்கிற குடும்பங்களுக்குத் தறி நின்றால் உலையும் நின்றுபோகும்.

அந்த நாள்களில் ஒரு நெசவாளர் வீடு எப்படி இருந்திருக்கும் என்று மனத்தில் வைத்துப் பாருங்கள். பொழுது விடிந்தும் எழுந்திருக்க அவருக்கு மனமில்லை. எழுந்து என்ன செய்வது? இரவெல்லாம் கைபேசியில் சாவுச் செய்தி. பகலெல்லாம் கடன் கணக்கு. குளிக்கும் நேரம் தவறியது. சாப்பிடும் நேரம் தவறியது. பிள்ளை ஒரு வார்த்தை கேட்டால் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வருமானம் போனது ஒரு துன்பம். அதோடு சேர்ந்து நாளின் ஒழுங்கும் போனது இரண்டாவது துன்பம். முதலாவதை அவரால் தடுக்க முடியவில்லை. இரண்டாவதையாவது தடுத்திருக்க முடியுமே என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் காலையில் மனைவி சொல்கிறாள்: “ஏங்க, தறி ஓடலைன்னா என்ன? தூசியாவது தட்டி வைக்கலாம் இல்ல? பாவு எலி கடிச்சுப்போச்சுன்னா நாளைக்கு எதை நெய்வீங்க?” அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்திருக்கிறார். குழியைப் பெருக்குகிறார். பாவின் மேல் துணியை விரித்து மூடுகிறார். கை வேலை செய்ததும் குளிக்கத் தோன்றுகிறது. குளித்ததும் விளக்கேற்றத் தோன்றுகிறது. கடன் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அதை யாரிடம் எப்படிப் பேசித் தவணை கேட்கலாம் என்று யோசிக்க அன்றைக்கு அவருக்குத் தெம்பு வருகிறது.

நோய்க்காலம் போய்விட்டது. ஆனால் தறி நிற்கிற நாள்கள் வேறு வேறு பெயரில் வந்துகொண்டுதான் இருக்கும். ஆடியில் விற்பனை குறையும். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறும். சரிகை விலை உயரும். விசைத்தறிச் சேலை மலிவாகக் கடைக்கு வரும். தறி இல்லாத வீட்டுக்கும் வேலை போவதும், நோய் வருவதும், பிள்ளைகளைப் பற்றிய கவலையும் உண்டு. மனம் அலைக்கழியும் அத்தகைய நாள்களில் எதைப் பிடித்துக்கொள்வது?

காஞ்சி கண்ட நீர்க்குடம்

இதே காஞ்சியில் இளம் இராமானுசருக்கு ஒரு சோதனைக் காலம் வந்தது. பாடம் சொன்ன ஆசிரியரே பகையாகி, காசி யாத்திரை என்ற பெயரில் உயிருக்கே உலைவைக்க நினைத்தார் என்றும், தப்பிய இராமானுசரை வேடுவத் தம்பதி உருவில் பெருமாளும் தாயாரும் வழிகாட்டிக் காஞ்சியில் சேர்த்தார்கள் என்றும் வைணவ மரபு கூறுகிறது. இனி எந்த வழியில் போவது என்று தெரியாமல் நின்ற அவருக்குத் துணையாக இருந்தவர் திருக்கச்சி நம்பி. பூவிருந்தவல்லியில் வணிகர் குலத்தில் பிறந்த நம்பி, நாள் தவறாமல் வரதருக்கு விசிறி வீசும் தொண்டு செய்து வந்தவர். அவர் சொன்ன வழியில் இராமானுசர் ஏற்ற தொண்டு, தினமும் சாலைக் கிணற்றிலிருந்து ஒரு குடம் நீர் கொண்டுவந்து வரதரின் திருமஞ்சனத்துக்குக் கொடுப்பது.

பெரிய ஞானிக்கு ஒரு நீர்க்குடமா என்று கேட்கலாம். ஆனால் விடை தெரியாத கேள்விகளோடு காத்திருந்த அந்த நாள்களில் அவரைத் தாங்கியது அந்தக் குடம்தான். தெளிவு பிறகு வந்தது. அதுவும் நம்பியின் வாய்வழியாகவே வந்தது. பிறப்பில் தம்மைவிடத் தாழ்ந்தவர் என்று ஊர் எண்ணிய அந்த அடியாரை இராமானுசர் குருவாகவே போற்றினார். செவிலிமேட்டுப் பக்கம் சாலைக் கிணறு இன்றும் இருக்கிறது.

வாகைப்பதியில் அய்யா காட்டிய வழி

கிணற்றையும் தொண்டையும் சொன்னால் அன்புக்கொடி மக்களுக்குச் சுவாமிதோப்பும் முந்திரிக் கிணறும் நினைவுக்கு வராமல் இருக்காது. அய்யா வைகுண்டர் வந்த காலத்தில் திருவிதாங்கூரின் எளிய மக்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தலைக்கு வரி, பனைக்கு வரி, கூலியில்லா ஊழியம். பெண்கள் மேலாடை அணியக் கூடாது. ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. பொதுக் கிணற்றை நெருங்கக் கூடாது. “நீ அசுத்தன்” என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட மக்கள், கடைசியில் தாங்களே அதை நம்பும் நிலைக்கு வந்திருந்தார்கள்.

சிறை மீண்ட அய்யா அந்த மக்களுக்கு என்ன கொடுத்தார்? எழுநூறு குடும்பங்களைக் குமரி அருகே கடலோரத்து வாகைப்பதிக்குத் துவையல் தவசுக்கு அனுப்பினார். என்ன தவசு அது? மூன்று வேளை நீராடு. மூன்று வேளை துணி துவை. பச்சரிசியும் பயறும் சேர்த்துப் பொங்கி ஒருவேளை உண். ஒன்றாகக் கூடி அய்யாவை வழிபடு. காட்டுக்குப் போகச் சொல்லவில்லை, குடும்பத்தை விடச் சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் நடக்கிற குளியலையும் துவையலையும் சமையலையுமே தவமாக்கினார்.

இதன் பொருள் ஆழமானது. உலகம் தன்னை அழுக்கு என்று சொல்லும்போது ஒருவன் தன் கையால் தன் ஆடையைத் துவைத்து உடுத்துகிறான். மறுநாளும் துவைக்கிறான். ஆறு மாதம் துவைக்கிறான். அதற்குப் பிறகு அவனை யாரும் அழுக்கன் என்று நம்பவைக்க முடியாது. தவசு முடித்துத் திரும்பியவர்களைத் துவையல் பண்டாரங்கள் என்று ஊர் மதித்து அழைத்தது. அவர்கள் போன இடமெல்லாம் அந்த ஒழுங்கையும் கொண்டு போனார்கள். வரியும் ஊழியமும் அன்றைக்கே ஒழிந்துவிடவில்லை. ஆனால் அவற்றை எதிர்த்து நிமிர்ந்து நிற்க முதுகெலும்பு கிடைத்தது.

வீட்டிலேயே ஒரு தவசு

அய்யாவின் பிள்ளைகள் இன்றைக்கும் கைக்கொள்ளக்கூடிய சிறு பழக்கங்கள் இவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒன்றைப் பிடித்து, அது ஊறிய பின் அடுத்ததைச் சேருங்கள்.

எழுந்ததும் கைபேசியைத் தொடும் முன் தண்ணீரைத் தொடுங்கள். நீராடி, நாமம் இட்டு, கண்ணாடி முன் சற்று நில்லுங்கள். பதியிலும் தாங்கலிலும் பள்ளியறையில் கண்ணாடி வைத்திருப்பது ஏன்? வணங்க வருகிறவர் தம்முள்ளே இறைவனைக் காண்பதற்காக. நேற்றைக்குக் கடன்காரர் ஏசிய முகம் அதுதான். அந்த முகத்தில்தான் நாமம் துலங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு அன்றைய வேலைக்குப் போங்கள்.

உச்சிப் பொழுதில் கை வேலையைச் சற்று நிறுத்துங்கள். தறியில் இருந்தாலும் கடையில் இருந்தாலும் கண்மூடி அய்யாவை நினைக்கக் கொஞ்ச நேரம் போதும். உச்சிப்படிப்பு படிக்கப் பழகியவர்கள் படிக்கலாம். ஓடிக்கொண்டே இருக்கிற நாடாவையும் தார் மாற்ற நிறுத்தத்தானே வேண்டும்? மனத்துக்கும் அந்த நிறுத்தம் வேண்டும்.

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வையுங்கள். வாரக் கடைசியில் அது அன்னதர்மத்துக்கோ பசித்த பக்கத்து வீட்டுக்கோ போகட்டும். தனக்கே குறைவாக இருக்கும்போது எப்படிக் கொடுப்பது என்று மனம் தடுக்கும். தன்னிடம் ஒன்றுமில்லை என்ற பயத்தில் உழல்கிறவன், ஒரு பிடி கொடுக்கிற அன்று தானும் கொடுக்கிற நிலையில்தான் இருக்கிறான் என்று அறிகிறான். அய்யா தர்மத்தை வலியுறுத்தியது வாங்குகிறவருக்காக மட்டும் என்று எண்ண வேண்டாம்.

அந்தியில் விளக்கேற்றியதும் வீட்டில் உள்ளவர்கள் ஒன்றாக உட்காருங்கள். அன்றைக்கு நடந்த ஒரு நல்லதை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லுங்கள். “மழை வரல, பாவு நனையல” என்பதும் நல்லதுதான். பகலில் யாரையாவது கடிந்து பேசியிருந்தால் படுக்கும் முன் அதைத் தீர்த்துவிடுங்கள். அய்யா மிகவும் அழுத்திச் சொன்னது பொறுமையை. அது பெரிய சண்டையில் திடீரென்று வந்துவிடாது. இப்படிச் சிறிது சிறிதாகப் பழகினால்தான் வரும்.

அறுந்த இழைக்கு முடிச்சு உண்டு

இந்தப் பழக்கங்கள் கடனை அடைக்குமா? அடைக்காது. கூலியை உயர்த்துமா? உயர்த்தாது. அதற்கு உழைக்கவும் வேண்டும். கூட்டுறவுச் சங்கத்திலும் அரசிடமும் உரியதைக் கேட்கவும் வேண்டும். கலங்கிய மனத்தோடு போய்க் கேட்பவருக்கும் தெளிந்த மனத்தோடு போய்க் கேட்பவருக்கும் உள்ள வேறுபாடுதான் இந்தப் பழக்கங்களின் பலன்.

ஒருநாள் தவறிப்போனால் மனம் உடைய வேண்டாம். தறியில் இழை அறுந்தால் எந்த நெசவாளியும் பாவையே வெட்டி எறிவதில்லை. நிறுத்தி, அறுந்த முனையைத் தேடி, முடிச்சுப் போட்டு, மேலே நெய்கிறார். மறுநாள் காலைத் தண்ணீரே அந்த முடிச்சு.

வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால், வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அதை மறைக்க வேண்டாம். வீட்டாரிடம் சொல்லுங்கள், அரசு மருத்துவமனைக்குப் போங்கள், 104 என்ற எண்ணில் பேசுங்கள். மருத்துவரிடம் போவது பக்தியில் குறை ஆகாது. துவையல் தவசுக்கும் எழுநூறு குடும்பங்கள் கூடித்தான் போயின. தெருப்பாவுக்குக் கஞ்சி போட அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட எவரும் வெட்கப்படுவதில்லை. மனப்பாரத்துக்கும் அப்படியே கூப்பிடலாம். பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் சில நாளாகக் கேட்கவில்லை என்றால், அவர் கூப்பிடும்வரை காத்திராமல் போய் “அய்யா உண்டு” என்று வாசலில் நில்லுங்கள். அதுவும் ஒரு பணிவிடை.

நாளைய இழை நாளைக்கு. இன்றைய இழையைப் போடுவோருக்கு அய்யா துணை நிற்பார்.

அய்யா உண்டு!